தாளிக்காத தால்ச்சா

புதன்கிழமை காலை என் தங்கை இரம் விழுங்கிய ஏழு மாத்திரைகளும் இருபதாவது நிமிடத்தில் வாந்தியாக வந்துவிட்டன. சிவப்பு மாத்திரை கரைந்து அரசு மருந்து மையத்தின் பின்பக்கச் சாக்கடை ஆரஞ்சு நிறத்தில் ஓடியது. திங்களன்றும் அப்படித்தான். அதற்கு முந்தைய வெள்ளியன்றும் அப்படித்தான்.

மருந்து கொடுக்கும் சின்னப்பன் அவளுடைய அட்டையில் எதையும் குறிக்காமல் பேனாவை மூடினார்.

"தம்பி, உள்ள தங்கினாத்தான் அது மருந்து. வெள்ளிக்கெழமையும் இப்படியே ஆச்சுன்னா டாக்டர் அட்மிட் பண்ணச் சொல்லிடுவாரு. அது கூடப் பரவால்ல. டிபிக்கு இது இவங்களுக்கு ரெண்டாவது ரவுண்டு. இதுவும் பாதியில நின்னா, அதுக்கு மேல குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

"வெறும் வயித்துல போட்டா இப்படி ஆவுது சார்."

"லேசா ஏதாவது குடிச்சிட்டு அரை மணி கழிச்சுப் போடட்டும்னு டாக்டரும் சொல்லிட்டாரே. குடிக்கச் சொல்லுங்க."

இரம் எதையும் குடிப்பதில்லை. கஞ்சி, பால், பார்லித் தண்ணீர், ஆரஞ்சுப் பழச்சாறு எல்லாம் பார்த்தாயிற்று. வாய்க்கு அருகே டம்ளரைக் கொண்டுபோனதும் தோள்கள் குலுங்க ஆரம்பித்துவிடும். அன்று மையத்தில் அவளுடைய எடை முப்பத்து மூன்று கிலோ. வயது இருபது. கல்யாணமாகி ஐந்து மாதம்.

ஒன்பது மாதமாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் செய்ததும் இருக்கிறது.

2003 அக்டோபரில் இரமுக்கு டிபி என்று தெரிந்தது. அரசாங்க மருந்து, ஆறு மாதம். மையத்தில் அவள் பெயர் எழுதிய ஒரு பெட்டி இருக்கும். அதிலிருக்கும் மாத்திரையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி நேரில் போய் அவர்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, சதை போட்டாள், பெண் பார்க்க வந்தார்கள். குரோம்பேட்டையில் தோல் பை கடை வைத்திருக்கும் குடும்பம். நல்ல இடம் என்று அம்மா தீர்மானித்தாள். நோயைப் பற்றி யாரும் அவர்களிடம் மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பக்ரீதுக்கும் முஹர்ரத்துக்கும் நடுவில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்றார்கள். முஹர்ரத்தில் எங்களில் பலர் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அடுத்து வரும் சஃபர் மாதமும் சரிப்படாது. இரண்டு மாதம் தள்ளிப்போகும். தள்ளியிருந்தால் மாத்திரை முடிந்திருக்கும், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அம்மாவுக்கு அந்த இரண்டு மாதத்தில் இடம் கைநழுவிவிடும் என்று பயம். ஜனவரி நடுவிலிருந்து அவர்கள் வீட்டுப் பெண்கள் துணி அளவு, வளையல் அளவு என்று தினம் வந்துபோனார்கள். மாத்திரை போட்டால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும். பம்மலில் எங்கள் வீட்டுக் கழிவறை மூன்று குடித்தனத்துக்குப் பொது.

"கல்யாணம் முடியற வரைக்கும் நிறுத்தி வைப்போம்" என்றாள் அம்மா. "இரமு கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா நம்பாது."

நான் அப்போது பெருங்குடிப் பக்கம் ஒரு கால் சென்டரில் இரவு வேலையில் இருந்தேன். காலை ஆறரைக்கு வேன் கொண்டுவந்து விடும். ஒன்பது மணிக்கு இரமை மையத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. வாரத்தில் மூன்று நாள் என் தூக்கம் கெட்டது. அம்மா கேட்டாள், எனக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. இரமிடம் சளிப் பரிசோதனை சுத்தமாக வந்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள் என்றேன். "ஆறு மாசம்னாங்களே?" என்றாள். "ஒனக்கு மூணே போதுமாம்" என்றேன். சந்தோஷப்பட்டாள். அடுத்த வாரம் மையத்திலிருந்து வேதா என்ற பெண் வீடு தேடி வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, தங்கை ஆம்பூருக்குப் போய்விட்டாள், அங்கே மருந்து எடுத்துக்கொள்வாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி கல்யாணம். பூத்திரைக்குள் இரம் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. பெண்கள் எல்லோரும் அவள் அழுகிறாள் என்று சேர்ந்து அழுதார்கள். அவள் இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் மாமியார் வீட்டில் ரத்தமாக இருமினாள். முதலில் தனித் தட்டு, தனி டம்ளர். பிறகு ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். துணைக்குக்கூட யாரும் வரவில்லை. அந்த வாரமே நானும் வேலையை விட்டு நின்றேன். தியாகமெல்லாம் இல்லை. ஹெட்போனை மாட்டினால் எதிர்முனையில் பேசுகிறவனின் வார்த்தை காதில் விழவில்லை. அத்தா இல்லாத வீடு. அம்மா ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போக வேண்டும். பகலில் இரமோடு இருக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

நோய் தன் உடம்பிலுள்ள ஏதோ கோளாறினால்தான் திரும்ப வந்தது என்று இரம் நம்பிக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"அண்ணா, கல்யாணத்தன்னைக்கு பிரியாணியோட தால்ச்சா யாரு வெச்சது?"

"பாட்சா பாய். ஏன்?"

"நாள் பூரா ஒண்ணும் சாப்டல அன்னைக்கு. எதிர்ல பெரிய சஹன் தட்டச் சுத்தி அஞ்சு பொம்பளைங்க ஒக்காந்து கொழச்சு கொழச்சு சாப்டறாங்க. மாமியார் வந்து எனக்கு இனிப்ப ஊட்டிட்டுப் போய்ட்டாங்க. பொண்ணுக்கு தால்ச்சா யாரும் வைக்கல. வாசன மட்டும் வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இப்ப கூட வருது."

ஒன்றரை மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சாப்பாட்டுப் பேச்சு அது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கல்யாணச் சமையல்காரரை எங்களில் பண்டாரி என்போம். பாட்சா பாய் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். நாற்பது வயது, தொப்பை, முழங்கை வரை தீக்காயத் தழும்பு. வீட்டு வாசலில் கரண்டிகளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, ஜஹானாராக்கா பையன்தானே நீ? தங்கச்சி கல்யாணத்துல டேக்ஸா அண்டாவ ஒரு கை புடிடான்னா நின்னுகினே தூங்குனவன்."

"தால்ச்சா எப்படிப் பண்றதுன்னு கேக்க வந்தேன் பாய்."

"எத்தினி பேருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"ஒராளுக்கா? எரநூறு பேருக்குக் கொறஞ்சு நான் பண்ணதே இல்லப்பா. கை கணக்கே வராது. யாருக்கு?"

"தங்கச்சிக்கு. மஞ்சக்காமாலை."

கரண்டியைக் கீழே வைத்தார். "காமாலைக்கு தால்ச்சாவா? எந்த வைத்தியன் சொன்னான்? அவனுக்கு எந்த ஊர்ல சமாதி?"

"ஆசப்படறா பாய்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார். நெஞ்செலும்பு, துவரம்பருப்பு, பாதிக்குப் பாதி கடலைப்பருப்பு, கத்தரிக்காய், சுரைக்காய், மாங்காய், புளி, பட்டை கிராம்பு, கறி மசாலா, கடைசியில் எண்ணெயைக் காயவைத்துத் தாளிப்பு. சொல்லும்போது இரண்டு கைகளும் காற்றில் இருநூறு பேருக்குக் கிண்டின.

வியாழக்கிழமை காலை வைத்தேன். வாழ்க்கையில் முட்டை தவிர எதையும் சமைத்தவன் இல்லை. இருந்தும் மோசமாக வரவில்லை. வீடு முழுவதும் கல்யாண மண்டபத்து வாசனை. இரம் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். இரண்டாவது கரண்டி. மூன்றாவது தொண்டையில் இறங்கும்போதே எல்லாம் வெளியே வந்தது, எண்ணெயும் மஞ்சளுமாகப் பாயில், என் காலில், சுவரில். பிறகு ஒன்றுமில்லாமலே ஓங்கரித்தாள். நிற்கவில்லை. நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். முதுகெலும்பைக் கையால் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

"வேணாம் அண்ணா" என்றாள். "நாளைக்கு சென்டருக்கும் வேணாம். என்ன வுட்டுடுங்க."

வேணாம் என்பதை அவள் அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பாயைத் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி பாட்சா பாய் வீட்டுக்கு ஓடினேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் சமையல், போய்விட்டார் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. மண்டபத்தின் பின்னால் தகரக் கொட்டகைக்கடியில் நான்கு டேக்ஸாக்கள் வரிசையாக விறகடுப்பில் இருந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் ஈரத்துண்டோடு அவர் புகைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா, துன்னுச்சா?"

"மூணு கரண்டி. அப்புறம் எல்லாம் வாந்தி."

"எண்ண எவ்ளோ ஊத்தின?"

காட்டினேன்.

"அடப்பாவி. நல்லா இருக்கறவனே குடல் வெந்து பூடுவான்."

"நீங்க எண்ண காயவெச்சுனு மட்டும்தான் சொன்னீங்க."

"எரநூறு பேருக்கு சொன்னேன்யா! ஒராளுக்கு நா எங்க கண்டேன்?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கியது. "இன்னா நோவுன்னு நா கேக்கல. காமாலன்னு நீ சொன்ன, நா கேட்டுக்கினேன், அவ்ளோதான். வாந்தி நிக்கணும், ஏதோ உள்ள தங்கணும். அதானே?"

"நாளைக்குக் காலைல தங்கணும் பாய். இல்லன்னா முடிஞ்சிது."

அவர் ஒரு டேக்ஸாவின் மூடியைத் தள்ளினார். உள்ளே தால்ச்சா, இன்னும் தாளிக்காதது. பருப்பும் காயும் கீழே தங்கி, மேலே தெளிந்த தண்ணீர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"அடுப்பாண்ட நிக்கறவன் பிரியாணி துன்னு பாத்துகீறியா? துன்ன மாட்டான். விடிய மின்ன வந்து நின்னா பொகையும் மசாலாவும் ஏறி ஏறி மத்தியானம் வரைக்கும் கொமட்டிகினே கீது. சோத்தப் பாத்தாலே வருது. அப்ப நாங்க இன்னா பண்றோம்? தாளிக்கறதுக்கு மின்ன இந்த மேல் தண்ணிய மொண்டு, ஆற வெச்சு, ரெண்டு டம்ளர் உடுவோம். சாயங்காலம் வரைக்கும் தாங்கும். கல்யாண வூட்ல பண்டாரி சாப்பாடு இதான்."

ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்தார். ஊதி ஊதிக் குடித்தேன். முதலில் மாங்காய்ப் புளிப்பு. பிறகு பருப்பு. கடைசியில், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி எலும்பு.

"வூட்ல வெக்கறப்ப எலும்பத் தனியா வேவ உடு. ஆறுனா மேல கொழுப்பு வெள்ளையாக் கட்டும், அத்த வழிச்சுக் கடாசு. கத்தரிக்கா வேணாம், சொரக்கா மட்டும். கறி மசாலா மூச்சு காட்டாத. எண்ண பாட்டிலக் கொண்டும்போய் பக்கத்து வூட்ல குட்த்துடு. துணியில வடிகட்டி, வெதுவெதுன்னு இருக்க சொல்லோ குடு. சுடச்சுட குடுத்தா வாசன ஏறி மறுபடி தூக்கும்."

பணம் எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டேன். கரண்டியை ஓங்கினார். "போடாங்க. பஸ்ஸப் புடி."

வழியில் அரைக் கிலோ நெஞ்செலும்பு வாங்கினேன். அடுப்படியில் நின்றபோது அம்மா வேலை முடித்து வந்தாள். கட்டிய கொழுப்பை நான் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவளுடைய பழைய வெள்ளை துப்பட்டாவிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து வடிகட்டக் கொடுத்தாள்.

"நம்மளாலதானேடா" என்றாள்.

"இப்ப வேணாம்மா."

இரம் ஒரு வாய் குடித்தாள். நாங்கள் இருவரும் அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தோள் அசையவில்லை. இன்னொரு வாய். பாதி டம்ளர். சுவரில் சாய்ந்து உதட்டை நாக்கால் தடவினாள்.

"தால்ச்சா மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றாள். "இதுக்கு என்னா பேரு?"

"பேர் இல்ல. சூப்புன்னு வெச்சுக்க."

அது வெளியே வரவில்லை. ஆனால் அது வெறும் சூப்பு. ஏழு மாத்திரையோடு தங்குமா என்பது வேறு கேள்வி.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து புதிதாக வைத்தேன். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு எட்டரைக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். மையத்து வராந்தாவில் இரும்பு பெஞ்சில் உட்கார வைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன். முக்கால் டம்ளர் குடித்தாள். ஒன்பதே கால் ஆகும்வரை காத்திருந்தோம். அவள் முகத்தில் வியர்வை இல்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். சின்னப்பனின் குரல் இல்லை. கையில் அட்டையோடு வெளியே வந்தது வேதா. பிரசவ லீவு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தார். நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினேன். பிரயோசனம் இல்லை.

"இரம்தானே? நான் லீவுல போறதுக்கு முன்னாடி பாத்தேன், எப்படி இருந்த பொண்ணு..." அட்டையைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீங்கதானே ஆம்பூர் போயிட்டாங்கன்னு எழுதிக் குடுத்தது? நான் ஆம்பூர் சென்டருக்கு போன் பண்ணி, லெட்டரும் போட்டேன், அங்க அப்படி யாரும் வரலேன்னாங்க. அப்ப எங்கதான் எடுத்தாங்க மருந்து?"

நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன்.

"நான் ஆம்பூர் போகவே இல்லியே" என்றாள் இரம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சளி டெஸ்ட் சுத்தமா வந்துடுச்சுன்னு சென்டர்ல சொன்னாங்கல்ல அண்ணா?"

"இல்ல."

"அப்ப யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். யாரும் சொல்லல. கல்யாணத்துக்காக நிறுத்தினோம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா உன்கிட்ட பொய் சொன்னது நான். இவங்களுக்கு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

வேதாவின் உள்ளங்கையில் ஏழு மாத்திரைகள் இருந்தன. அந்தக் கை நீட்டியபடியே நின்றுவிட்டது.

இரம் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போய்விட்டால் திரும்பக் கூட்டிவர என்னால் முடியாது என்பதும் தெரிந்தது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். அவளுக்கு இருந்த மூச்சு அவ்வளவுதான்.

"அந்த வூட்ல என் தட்டத் தனியா கழுவி வெளிய கவுத்து வெப்பாங்க. கொழாய்க்கு வர்றவங்கல்லாம் பாப்பாங்க. நான் என்னா தப்பு பண்ணேன், எனக்கு மட்டும் ஏன் திரும்ப வந்துச்சுன்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டேன். இங்க வந்தும் ஒன்கிட்டயே கேட்டேன். நீ பக்கத்துல ஒக்காந்து, நசீபு, தலையெழுத்துன்ன."

நான் சொல்லியிருந்தேன். அதே வார்த்தைதான்.

"இரமு..."

"நீ பேசாத."

எழுந்து ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு வேதாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா. நான் ஏன் சாவணும்?"

தண்ணீர் டம்ளரை வேதா நீட்டினார். இரம் வேண்டாம் என்று தலையாட்டி, பெஞ்சிலிருந்த மிச்ச சூப்பை எடுத்தாள். ஒவ்வொரு மாத்திரையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். ஏழாவது பெரியது, தொண்டையில் நின்றது. தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினாள். வேதா கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் உள்ளே இருந்தால்தான் கணக்கு.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் அவள் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பெஞ்சின் இரும்புக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தோள் ஒரு தடவை குலுங்கியது. பெஞ்சடியில் இருந்த பக்கெட்டை எடுக்கக் குனிந்தேன்.

"வெச்சுட்டுப் போ" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றேன். அங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இருபதாவது நிமிடம் கடந்தது. வேண்டிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன். இன்னொரு தடவை தோள் குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். வேதா பக்கத்தில் உட்கார்ந்து, தொடாமல், ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தன் குழந்தையைப் பற்றி என்று நினைக்கிறேன். இரம் தலையை ஆட்டினாள். பிளாஸ்கைக் கேட்டு வாங்கினாள். மூடியில் ஊற்றி ஒரே ஒரு வாய் குடித்து, நிறுத்தி, இன்னொரு வாய் குடித்தாள்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வேதா எழுந்து அட்டையில் குறித்தார். பிறகு உள்ளே கூட்டிப்போய், இரண்டாவது ரவுண்டில் மாத்திரையோடு சேர்த்துப் போடும் ஊசியைப் போட்டார்கள். இரம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே நொண்டி நொண்டி வெளியே வந்தாள். என்னைத் தாண்டி வாசல் வரை போய் நின்றாள்.

"திங்கக்கெழமலேர்ந்து நீ வராத" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அம்மா அரை நாள் லீவு போட்டுக் கூட்டினு வரட்டும்."

"சரி."

"சூப்பு மட்டும் வெச்சுக் குடுத்து வுடு."

"சரி."

"அண்ணான்னு கூப்டுவேன்னு நெனைக்காத."

பம்மல் போகும் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. இரம் ஏறி உட்கார்ந்து, பக்கத்துக் காலி இடத்தில் பிளாஸ்கை வைத்தாள். டிரைவர் என்னைப் பார்த்து "ஏறுறியா இல்லியா?" என்றான். இல்லை என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன்.